வலது மட்டும்

சாம்பிள் எப்போதும் ஒற்றைக் கால்தான்.
ஆம்பூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பிய பெட்டிக்குள்
வலது ஷூ ஒன்று,
வயிறு முட்டக் காகிதம் தின்று கிடந்தது.
"இடது இன்னும் தைக்கலை மேடம்,
இதையே திருப்பிப் போட்டு ஜோடியாக்கிடுங்க,
சாயங்காலம் ஜெர்மனிக்குப் போகணும்"
என்றார் இம்தியாஸ் பாய்.

சத்துவாச்சாரி மாடியில் என் ஸ்டூடியோ என்பது
ஒரு வெள்ளை ரெக்சின் சுருள்,
இரண்டு விளக்கு, மூன்று தெர்மாகோல் பலகை.
வேலூரில் மே மாதம்.
ஃபேன் போட்டால் தெர்மாகோல் சாயும்,
போடாவிட்டால் நான் சாய்வேன்.
ஷூவுக்கு வியர்ப்பதில்லை.
அதன் மூக்கில் விழும் வெளிச்சத்தை
ஒரு நூல் அகலத்துக்குக் கொண்டுவர
நாற்பத்தேழு தடவை அமுக்கினேன்.

பிறகு ஒரே சொடுக்கு. வலது இடதானது.
உள்ளங்காலில் அச்சடித்த கம்பெனிப் பெயர் மட்டும்
கண்ணாடிக்குள் இருப்பதுபோல் புரண்டு நின்றது.
எழுத்தெழுத்தாக அதை நேராக்கினேன்.
பில் அனுப்பினேன்.
தொண்ணூறு நாள் என்று பதில் வந்தது.
தொண்ணூறு நாள் என்பது மூன்று வாடகை.

ஆறு மணிக்குத் தோட்டப்பாளையம்.
ஆஸ்பத்திரியைச் சுற்றிய சந்துகளில்
பலகையெல்லாம் வங்காளியில்,
காற்றெல்லாம் கடுகெண்ணெய்.
லாட்ஜின் இரண்டாம் மாடியில்
மால்தாவிலிருந்து வந்த நிர்மல் ஹால்தார்.
காதுக்குப் பின்னால் பிளாஸ்திரி.
கட்டி போய்விட்டது. போகும்போது
இடப்பக்க முகத்தின் அசைவையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது.
டீ குடித்தால் ஓரமாக வழியும். அதற்காகத் தோளில் ஒரு துண்டு.

மகளைப் பார்க்க வருகிறவர்கள்
குடும்பத்தார் படம் கேட்டிருக்கிறார்களாம்.
அவரிடம் அரை இந்தி, என்னிடம் கால் இந்தி,
மிச்சத்துக்கு விரல்.
வலது கன்னத்தைத் தொட்டார்,
விரலை மூக்கு தாண்டி நகர்த்தினார்,
இதை அங்கே வைக்க முடியுமா?

முடியும் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.
காலையில்தான் செய்திருந்தேன்.

ஜன்னலோரம் உட்காரவைத்து
அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் நிழலுக்குத் தள்ளப் பார்த்தேன்.
எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் மரியாதை.
அவர் திரும்ப மறுத்தார்.
பாஸ்போர்ட்டுக்கு உட்காருவதுபோல் நேராக உட்கார்ந்தார்.

கட்டிலில் லேப்டாப்பை வைத்து, ஒரு சொடுக்கு.
வந்தவர் அழகாகத்தான் இருந்தார்.
இரண்டு கன்னத்திலும் மச்சம்,
இரண்டு பக்கமும் ஒரே அளவு நிம்மதி.
மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்த மிதாலி
எழுந்து வந்து குனிந்து பார்த்தாள்.
யாரிது என்று கேட்டாள்.
வங்காளிதான், ஆனாலும் புரிந்தது.
பிறகு இரண்டாவது மச்சத்தை
நகத்தால் திரையிலிருந்து சுரண்டப் பார்த்து
சிரித்துவிட்டாள்.
அவரும் சிரித்தார், இருக்கிற பாதியால்.
அதை நான் எடுக்கவில்லை.
கேமராவைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்திருந்தேன்.

இரண்டு படமும் வேண்டும் என்றார்கள்.
முந்நூறு ரூபாய், அப்போதே, பாதி பத்து ரூபாய் நோட்டாக.
எதை அனுப்பினார்கள் என்று தெரியாது.
கேட்கலாம், நம்பர் இருக்கிறது.
கேட்கவில்லை.

பதினோராம் நாள் இம்தியாஸ் பாய்.
"கண்டுபிடிச்சிட்டான் மேடம்.
ரெண்டு கால்லயும் ஒரே இடத்துல ஒரே சுருக்கமாம்,
எந்த மாட்டுத்தோல்லயும் அப்படி வராதுன்றான்.
இடது இப்பதான் பஸ்ல ஏறிச்சு.
இன்னொருவாட்டி எடுத்துடுங்க,
ரேட்டு பழைய ரேட்டுதான்."

பிரித்து, பழையதன் பக்கத்தில் வைத்தேன்.
உற்றுப் பார்த்தால்
ஒன்றுக்கொன்று தூரத்து உறவு போலத்தான் இருந்தன.
எழுந்துபோய் ஃபேனை அணைத்தேன்.